குறிஞ்சாக்கேணியில் இறால் போன கதை

இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை வரவேற்றுப் பேசச் சொல்லியிருந்தால் நல்ல வார்த்தை நாலு சொல்லியிருப்பேன். பணி அனுபவம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஆகவே நல்ல வார்த்தைக்கு இடமில்லை. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மீன்பிடிப் பரிசோதகருக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. தோணிக்காரர் பிடித்ததைக் குறைத்துச் சொல்வார். வாங்குகிற முதலாளி நிறுத்ததைக் குறைத்துச் சொல்வார். சங்கத்துக்காரர் நடக்காத கூட்டத்தை நடந்ததாகச் சொல்வார். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி நான் இத்தனை வருடம் பார்த்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், யாரையும் நம்பாமல் இருந்ததுதான். என் மனைவி என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அதையும் யோசித்திருக்கிறேன்.

சந்தேகப்படாதீர்கள் என்று புத்தி சொல்ல வரவில்லை. சந்தேகப்படாதவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் ஒரேயொரு ஆளை மட்டும் சந்தேகப்படாமல் விட்டேன். அதனால் இன்னொரு மனிதருக்கு நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளில் நடந்தது இது. அப்போது கிண்ணியாப் பக்கம் போவதென்றால் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். சைக்கிளையும் அதில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கி, குறிஞ்சாக்கேணிக்கு மிதிப்பேன். அங்கே பல குடும்பங்களுக்கு, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புத்தான் சோறு போட்டது. களப்பிலிருந்து ஊர்ப்பக்கம் ஓர் ஓடை பிரிந்து வரும். அதன் இரண்டு கரையிலும் கண்டல் மரம் அடர்ந்து, வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும்.

அந்தக் காலத்து வலை பருத்தி நூல் வலை. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் கண்டல் பட்டையை உரித்துக் கிடாரத்தில் போட்டு அவித்து, அந்தச் சிவந்த சாயத்தில் வலையைத் தோய்த்துக் காயப்போடுவார்கள். சில கிழமைக்கு ஒருமுறை இதே பாடு. பெண்களுக்கு இடுப்பொடிகிற வேலை. புகையில் கண் எரிந்து, கை முழங்கைவரை சிவந்துபோய் அவர்கள் நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

நைலோன் வலை வந்ததும் அதை அந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான். அழுகாது, பாரமில்லை, பட்டை தேவையில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னேன், அரசாங்க மானியத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்குள் ஊரில் கிடாரமெல்லாம் கவிழ்ந்தன. பெண்கள் என்னை வாழ்த்தினார்கள். மேலிடத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு, வேலை பார்க்கும் கந்தோரில் நான் உட்காரும் கதிரைக்கு மேலே மாட்டினேன். வருகிறவர் போகிறவர் வாசிக்கட்டும் என்று கொஞ்சம் தாழ்வாகவே மாட்டினேன்.

நைலோன் எடுக்காத ஒரே ஆள் காசிம்பாவா. என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். மனைவி மைமூனும் அவரும், ஓடை திரும்புகிற மூலையில் ஒரு வீடும், இரண்டு பழைய வலையும், ஒரு தோணியும். அவ்வளவுதான். நான் மூன்று முறை போய்க் கேட்டேன்.

"கவுண்மேந்து சும்மா மாதிரித் தாற சாமான்ல எங்கயாவது ஒரு கொக்கி இரிக்கும் ஐயா. எங்களுக்கு இது போதும்" என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஊரைச் சந்தேகப்படலாம், ஊரில் ஒருவர் என்னைச் சந்தேகப்படுவதா? அன்றைக்கே அவர் பெயரை மனதில் ஓர் ஓரமாகக் குறித்துவைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்காது.

நாலைந்து வருடம் போனது. இறால் குறையத் தொடங்கியது. முதலில் சிறுத்தது, பிறகு நாட்கணக்கில் வலையில் சேறும் இலையும் மட்டும் ஏறியது. ஊர் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்தது. அடுத்த ஊர்க்காரர் வந்து திருட்டுத்தனமாக அள்ளுகிறார்கள் என்றார்கள். வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன வெடிமருந்து துறைமுகத்திலிருந்து கைமாறி வருகிறது, யாரோ ஓடைக்குள் டைனமைட் போடுகிறான் என்றார்கள். தேத்தண்ணிக் கடையில் நான் உட்கார்ந்தால், இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றிக் காதில் சொல்லுவார். எழுந்து அந்தப் பக்கம் போனால் அவர் இவரைப் பற்றிச் சொல்லுவார். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். எனக்கு அது நல்ல காலம் மாதிரிக்கூட இருந்தது.

கடைசியில் எல்லாச் சுட்டுவிரலும் ஒரு பக்கம் திரும்பியது. ஊர் முழுக்க வெறும் வலை இழுக்கையில் காசிம்பாவாவின் வலையில் மட்டும் இறால் விழுந்தது.

சங்கத் தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "ஐயா, நல்ல வலை வச்சிரிக்கிற எங்களுக்கு ஒண்டுமில்ல. ஓட்ட வலை வச்சிரிக்கிறவனுக்கு மட்டும் எப்பிடி விழுது? அவன்ட வீட்டுக்கு முன்னால நிக்கிற கண்டலுக்குள்ள ஆரையும் விடமாட்டான். கத்தியோட போனா சண்டைக்கு வாறான். உள்ளுக்க என்னத்த ஒளிச்சு வச்சிரிக்கான் எண்டு பாருங்க."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. சொல்லப்போனால் அதை யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு காலை, காற்றே இல்லாத வெக்கை. ஓடையோரம் சைக்கிளில் வருகிறேன். காசிம்பாவாவின் துண்டுக் கண்டலுக்கு முன்னால் சின்ன மீன்கள் வயிறு வெளுத்து மிதக்கின்றன. அவர் தோணியில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். எல்லாருடைய கண்ணும் என் மேல்.

டைனமைட்டில் செத்த மீனைக் கீறிப் பார்த்தால் உள்ளே இரத்தம் கட்டி, முள் நொறுங்கியிருக்கும். இது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். என் சட்டைப்பையில் கத்தி இருந்தது. நான் எடுக்கவில்லை. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! கரையில் நின்றவர்கள் தலையாட்ட, தோணியையும் அதிலிருந்த வலையையும் பிடித்து எழுதினேன். காசிம்பாவா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நான் செஞ்சத நீங்க கண்டீங்களா ஐயா?"

"விசாரணையில சொல்லுங்கோ" என்றேன்.

தோணி கந்தோர் வளவுக்கு வந்தது. அவர் நிலாவெளிக்குப் போய்க் கரைவலை இழுக்கிற கூலிக்காரர்களோடு சேர்ந்தார். விசாரணையில் என் அறிக்கைதான் பேசும். அதில் குற்றம் உறுதி என்று நான் எழுதினால் அவருடைய அனுமதிப்பத்திரம் போய்விடும். பிறகு அவர் களப்பில் காலே வைக்க முடியாது.

விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வாக்குமூலம் எடுக்கப் போனேன். ஜும்ஆத் தொழுகைக்காக அவர் வீட்டுக்கு வந்திருந்தார். முற்றத்தில் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. மிஞ்சியிருந்த ஒரு வலைக்குப் பட்டை அவிகிறது. அவர் என்னைக் கண்டதும் கதிரையை எடுத்துப் போட்டுவிட்டு, தான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நான் வாக்குமூலம் எடுக்க வந்தனான்" என்றேன். அவர் விறகை அடுப்புக்குள் தள்ளினார். பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று, "அண்டைக்கே நைலோன் எடுத்திருந்தா உங்கட வீட்டில இந்தப் பாடு இல்லையே" என்றேன்.

குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து மைமூனின் குரல் வந்தது. "பாடு இல்லத்தான் ஐயா. இறாலும் இல்ல."

"அதென்ன கதை தங்கச்சி? வலைக்கும் இறாலுக்கும் என்ன?"

"ஓடையப் பாத்தீங்களா, பாக்கல்லையா? முந்தி இந்த ஊர்ல ஆரும் கண்டல அடியோட வெட்டுவாங்களா? பட்டைய ஒரு பக்கம்தான் உரிப்பாங்க, மத்தப் பக்கத்தத் தொடமாட்டாங்க. மரம் செத்தா அடுத்த தடவ பட்டைக்கு எங்க போற? விறகுக்கு வெளியாக்கள் வந்தா ஊரே கூடித் தொரத்தும். நீங்க நைலோன் தந்தீங்க. பட்டை ஆருக்கு வேணும்? மரம் ஆருக்கு வேணும்? சூளைக்கு வெட்டினாங்க, பேக்கரிக்கு வெட்டினாங்க. எங்கட ஆக்களும்தான் வெட்டி வித்தாங்க. எங்களுக்குப் பட்டை வேணும். அதால எங்கட துண்ட நாங்க வெட்ட விடல்ல. வேற ஒண்டுமில்ல."

"அதுக்கு இறால் ஏன் போகுது?"

"வேருக்குள்ள கையப் போட்டுப் பாருங்க. ஊசி மாதிரிக் குஞ்சு கையில ஏறும். பெரிய இறால் கடலுக்குப் போனாலும் குஞ்சு வளர வாறது இங்கதான். இலை விழுந்து ஊறினாத்தான் அதுக்குத் தீன். வெறும் வெயில்ல எதத் திண்டு, எதுக்குள்ள ஒளியிற?"

ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கதவோரத்து ஸ்டூலில் வந்தது. கோபமாக இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி உண்டு என்பது அங்கே வழக்கம். குடித்தேன். 

இருந்தாலும் ஒரு வீட்டில் கேட்டதை அப்படியே நம்பி எழுதுகிற ஆள் நானில்லை. மறுநாள் யாருக்கும் சொல்லாமல் தனியாக வந்தேன். மரம் வெட்டிய கரையில் இறங்கி என் துவாயை விரித்து அள்ளினேன். சேறு. இன்னொரு இடத்தில் அள்ளினேன். சேறுதான். தண்ணீர் காலைச் சுட்டது. காசிம்பாவாவின் கண்டல் துண்டுக்கு வந்து, வேர்களுக்கிடையில் அதே துவாயால் அள்ளினேன். துவாய் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் போல இறால் குஞ்சு துள்ளியது. நண்டுக் குஞ்சும் இருந்தது, பெயர் தெரியாத சின்ன மீனும் இருந்தது. மேலே கிளைகளில் கொக்குகள் நின்றன. வெட்டின கரையில் ஒரு கொக்குக்கூட இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. இத்தனை வருடம் அந்த வழியாகச் சைக்கிள் ஓட்டியவன் நான்.

அன்றைக்கும் வெக்கை. வெட்டின பக்கத்தில் சில மீன்கள் வாயைப் பிளந்து செத்து, நீரோட்டத்தில் மெல்ல நகர்ந்து காசிம்பாவாவின் வேர்களில் வந்து தட்டி நின்றன. இந்த முறை கத்தியை எடுத்துக் கீறினேன். உள்ளே சுத்தம். இரத்தம் இல்லை, முள் நொறுங்கவில்லை. நிழலில்லாத ஆழமற்ற தண்ணீரில் வெந்து, மூச்சுத் திணறிச் செத்த மீன். நான் யாரைத் தேடி ஊரெல்லாம் உளவு பார்த்தேனோ அந்த ஆள் வேறு யாருமில்லை. நல்லது செய்கிறேன் என்று மரத்துக்கிருந்த காவலை ஊரிலிருந்து கழற்றிவிட்டவன் நான்தான். அந்தச் சனம் கண்டலைக் காத்தது கண்டல் மேல் வைத்த அன்பால் அல்ல, வலைக்காக. அந்தத் தேவையை எடுத்துவிட்டால் மரம் அநாதையாகும், மரம் போனால் குஞ்சு போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. சேற்றில் நின்றபடி எனக்கு அழுகை வந்தது.

இனித்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். தெரிந்த பிறகு நான் செய்தது வேறு.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: "குற்றத்தை நிரூபிக்கப் போதிய சாட்சி இல்லை. படகையும் வலையையும் திருப்பிக் கொடுக்கலாம்." நைலோன் பற்றி ஒரு சொல் இல்லை. வெட்டின கண்டல் பற்றி ஒரு சொல் இல்லை. பாராட்டுக் கடிதம் கதிரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. காசிம்பாவாவுக்குத் தோணி கிடைத்தது, எனக்குப் பெயர் கெடவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் பின்னேரம் கந்தோர் வாசலில் காசிம்பாவா நின்றார். பாதையில் ஏறி என்னைத் தேடி அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சாட்சி இல்ல எண்டு எழுதிட்டீங்க. ஊர்ல அதுக்கு என்ன விளக்கம் தெரியுமா? செஞ்சவன் தப்பிட்டான் எண்டு. என்ட தோணியத் தள்ள ஒருத்தன் கை தாறானில்ல. சலாம் சொன்னா பதில் வாயுக்குள்ள. அதப் பொறுக்கலாம். நாளைக்குக் காலையில என்ட கண்டல வெட்ட வாறாங்க. உள்ளுக்க வெடி ஒளிச்சிரிக்கேனாம், வெட்டித் தேடப் போறாங்களாம்." மேசைக்குக் கிட்ட வந்தார். "செய்யல்ல எண்டு எழுத ஏலாதா உங்களுக்கு?"

"மேலதிகாரிட்ட கேக்க வேணும். அவர் கொழும்பில. வாற கிழமை..."

"நாளைக்குக் காலையில ஐயா."

அந்தத் துண்டு போனால் என்ன போகும் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், மைமூன், நான். அவர்கள் இருவர் சொல்லை ஊர் கேட்காது. அப்படிக் கேட்காமல் ஆக்கியவன் நான். அவரை இருக்கவைத்துவிட்டுப் புதிய கடதாசி எடுத்தேன். நைலோன் வலையை யார் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு கண்டலுக்கு என்ன நடந்தது, இறால் ஏன் போனது, செத்த மீனை அன்றைக்குக் கீறிப் பார்க்காதது யார், எல்லாம் எழுதினேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் முத்திரை குத்தினேன். ஒரு பிரதி மேலிடத்துக்கு, ஒரு பிரதி கையில். பின்னால் மேலதிகாரி அதை "விடயத்துக்குப் பொருத்தமற்றது" என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பினார். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் அந்த முறை வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மறுநாள் விடியற்காலையில் புறப்படும் முதல் பாதையிலேயே ஏறிப் போனேன். கோடரியும் கத்தியுமாக ஓடைக்கரையில் முப்பது பேர்வரை நின்றார்கள். காசிம்பாவா மரத்துக்கு முன்னால் நின்றார். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடதாசியை விரித்து உரத்து வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்கியது, திரும்ப உயர்த்தி வாசித்தேன்.

வாசித்து முடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயா அவன்ட வீட்டில தேத்தண்ணி குடிச்சவர்தானே." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இன்னொருவர், "ஆரோ நல்லாத்தான் எழுதிக் குடுத்திரிக்காங்க" என்றார். இத்தனை காலமும் இவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்புவித்தார்கள். என்ன சொன்னாலும் எடுபடாது என்று விளங்கியது.

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன் சங்கத் தலைவரிடம். "நீங்களே இறங்கி அள்ளிப் பாருங்கோ. அங்க ஒருக்கா, இங்க ஒருக்கா. குஞ்சு இல்லாட்டி நானே முதல் மரத்த வெட்டுறன்."

அவர் என்னையும் காசிம்பாவாவையும் மாறி மாறிப் பார்த்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெட்டின கரையில் சால்வையால் அள்ளினார், உதறினார். இங்கே வந்து வேருக்குள் அள்ளினார். சால்வையை விரித்தார், அதில் குஞ்சுகள் துள்ளின. பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மறுபடி குனிந்து, வெகு கவனமாக, அள்ளியதைத் தண்ணீரிலேயே விட்டார்.

"வெடி கிடி ஒண்டுமில்ல. வாங்க போவம்" என்றார். அவ்வளவுதான். ஒவ்வொருவராகக் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். யாரும் காசிம்பாவாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எத்தனை பேர் நம்பினார்கள், எத்தனை பேர் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போனார்கள் என்பது அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்தத் துண்டை மட்டும் பிறகு யாரும் தொடவில்லை.

கரையில் நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். காசிம்பாவாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார்.

"என்னப் பத்தி எழுதின அந்த வரிய மட்டும் இன்னொருக்கா வாசிங்க."

தேடி எடுத்து வாசித்தேன். "காசிம்பாவா இதைச் செய்யவில்லை."

தலையை ஆட்டினார். 

"சின்ன வரிதானே ஐயா" என்றார். "அண்டைக்கே எழுதியிருக்கலாம்."

கடதாசியை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.